ஒரே பெயரில் இரண்டு எரிச்சல்: நீடித்த கால் வலி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

56 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை. பகலில் பெரும்பகுதி நின்றபடியே வேலை. 9 ஆண்டுகளாக இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் தினமும் 2000 மில்லிகிராம் எடுத்து வந்தார். வயிற்று எரிச்சலுக்காக எப்போதோ எழுதிக் கொடுத்த பான்டோபிரசோல் மாத்திரையை யாரும் நிறுத்தச் சொல்லாததால் 5 ஆண்டுகளாக விடாமல் தொடர்ந்திருந்தார். அவருடைய அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இங்கே விட்டுவிட்டேன்.

எங்களிடம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கால் விரல் நுனிகளில் எரிச்சல் ஆரம்பித்திருக்கிறது. படுத்த பிறகுதான் அதிகம். போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாது என்று சொல்லி இரவெல்லாம் பாதங்களை வெளியே நீட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறார். முதலில் பார்த்த மருத்துவர் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று சொல்லி, நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மாத்திரையை 75 மில்லிகிராம் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது. பிறகு மறுபடி ஏறியது, மாத்திரையும் ஏறியது. எங்களிடம் வந்தபோது ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். கூடவே, "நரம்புக்கு நல்லது" என்று இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் பி வைட்டமின் மாத்திரைகளையும் விட்டு விட்டு சாப்பிட்டிருக்கிறார்.

பாத எரிச்சல் தொடங்கி பத்து மாதம் போல ஆனபோது வலது தொடையின் வெளிப்பக்கத்திலும் எரிய ஆரம்பித்தது. "நரம்பு எரிச்சல் மேலே ஏறிவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள். இடுப்புக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தார்கள். கீழ் முதுகெலும்பில் எல்4-எல்5 இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. முதுகுக்கு ஒரு பெல்ட் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் இறுக்கிக் கட்டினால் இரவு படுக்கும்போதுதான் கழற்றுவார். தொடை எரிச்சல் குறையவில்லை, கூடியது. கூடியதால் பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். கடைசியில் டிஸ்க்குக்கு அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்ற பேச்சு வந்தது. அதற்கு இரண்டாவது கருத்துக் கேட்கத்தான் எங்களிடம் வந்தார்.

முதல் சந்திப்பில் கண்டது

கையில் தடிமனான ஃபைல். அதில் சர்க்கரை அறிக்கைகள், ஸ்கேன், மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கூட வந்த கணவர், "தொட்டுப் பார்த்தா பாதம் ஜில்லுன்னு இருக்கு டாக்டர், ஆனா நெருப்பா எரியுதுங்கிறா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, குழப்பம்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு ஆண்டுகளாக யாராவது ஒருவரிடம் இதை நிரூபித்துக்கொண்டே இருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

அதனால் முதல் சில நிமிடங்களை இதை விளக்கவே செலவிட்டோம். சூட்டை உணர்வதற்கு நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஒரு வாயில் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டால் அது திறக்கும். மிளகாயின் காரம் பட்டாலும் அதே வாயில்தான் திறக்கும். 1997-ல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. அடிபட்ட மெல்லிய நரம்பு இழைகள் எந்தச் சூடும் இல்லாமல் தாமாகவே செய்தி அனுப்பத் தொடங்கினால், அந்த இழைகள் வழியாக வரும் எதையும் மூளை எரிச்சலாகத்தான் எடுத்துக்கொள்ளும். பாதம் குளிர்ந்திருப்பதும் எரிவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இதைக் கேட்டு கணவர் மெதுவாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி சரளமாகப் பேசினார்.

பேச்சில் இரண்டு விஷயங்கள் எங்களை நிறுத்தின. ஒன்று, முகம் கழுவும்போது கண்ணை மூடினால் உடம்பு முன்னால் தள்ளுகிறது என்றார். அதனால் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால்தான் முகம் கழுவுகிறார். இன்னொன்று, பாதத்தில் எரிச்சல் தொடங்கிய சில மாதங்களிலேயே கைவிரல் நுனிகளிலும் மதமதப்பு வந்திருக்கிறது. சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பொதுவாகப் பாதத்தில் தொடங்கி மெதுவாக ஏறும். முழங்கால் அளவுக்கு வந்த பிறகுதான் கைவிரல்களில் தெரிய ஆரம்பிக்கும். இங்கே அந்த வரிசை சரியாக இல்லை.

பாதங்களைப் பார்த்தோம். எரிச்சலுக்குப் பயந்து தினமும் இரவில் ஐஸ் போட்ட தண்ணீரில் நெடுநேரம் கால்களை ஊறவைத்திருக்கிறார். விரல் இடுக்குத் தோல் வெளுத்து, ஊறிப்போயிருந்தது. இடது கால் நான்காவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே மெல்லிய வெடிப்பு ஒன்று இருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. எரிகிற அதே பாதத்தில் தொடு உணர்வு குறைந்திருந்தது. இந்தச் சேர்க்கைதான் ஆபத்தானது: வலி அதிகம் என்பதால் உணர்வு நன்றாக இருக்கிறது என்று நோயாளி நம்பிவிடுவார்.

இரு கால்களிலும் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைத்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை. கணுக்கால் இரண்டிலும் சம அளவு வீக்கம். கடந்த ஓராண்டில் எடை 6 கிலோ கூடியிருந்தது. வீக்கமும் எடையும் ப்ரீகாபலினின் தெரிந்த பக்க விளைவுகள்.

பேனாவால் வரைந்த எல்லை

"எங்கே எரிகிறது?" என்று கேட்டால் இடுப்பிலிருந்து பாதம் வரை கையால் ஒரே இழுப்பாகத் தடவிக் காட்டினார். "எல்லாம் ஒரே எரிச்சல்தான் டாக்டர்." ஃபைலில் இருந்த ஒவ்வொரு சீட்டிலும் இதே வாக்கியம்தான் வேறு வேறு விதமாக எழுதப்பட்டிருந்தது.

தோலில் எழுதக்கூடிய பேனா ஒன்றைக் கையில் கொடுத்து, எரிச்சல் நிற்கும் எல்லையை அவரையே வரையச் சொன்னோம். அவசரப்படுத்தவில்லை. தொட்டு, நிறுத்தி, யோசித்து, மறுபடி தொட்டு வரைந்தார். இரண்டு கால்களிலும் கெண்டைக்கால் பாதிவரை வளையம் போல ஒரு கோடு விழுந்தது, சாக்ஸ் போட்டது போன்ற எல்லை. வலது தொடையின் வெளிப்பக்கத்தில் தனியாக ஒரு நீள்வட்டம். அது இடுப்பு எலும்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி முழங்காலுக்கு மேலேயே முடிந்தது. தொடையின் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, உள்பக்கம் போகவில்லை. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே, முழங்காலிலிருந்து கெண்டைக்கால் பாதிவரை, எந்தத் தொந்தரவும் இல்லாத இடம் இருந்தது.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் அவரே, "அப்ப இது மேலே ஏறலையா?" என்று கேட்டார். ஏறவில்லை. இவை இரண்டு வெவ்வேறு எரிச்சல்கள்.

நேரமும் வேறாக இருந்தது. பாத எரிச்சல் இரவில், ஓய்வில் கூடும். தொடை எரிச்சல் நின்றால், நடந்தால் கூடும். உட்கார்ந்தால் சில நிமிடங்களில் தணியும். வகுப்பில் முதல் மணி நேரம் முடிவதற்குள் ஆரம்பித்துவிடும் என்றார். ஆனால் படுக்கையில் தொடை அவரைத் தொந்தரவு செய்ததே இல்லை. இந்த வேறுபாட்டை அவர் முன்பும் கவனித்திருக்கிறார். யாரும் தனித்தனியாகக் கேட்காததால் சொல்லவில்லை.

இந்த வரைபடம் எம்ஆர்ஐ அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் முக்கியம். எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் அழுந்துவது எல்5 நரம்பு வேர். அதன் வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே போய், புறங்காலையும் கட்டை விரலையும் தொடும். கட்டை விரலை மேலே தூக்கும் பலமும் குறையலாம். தொடையின் வெளிப்பக்கத்தோடு மட்டும் நின்றுவிடாது. டிஸ்க் பிதுக்கமோ வலியே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. முதுகு வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஸ்கேனில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

உடல் பரிசோதனை

தொடை நீள்வட்டத்துக்குள் பஞ்சு பட்டாலே முகம் சுளித்தார். ஆனால் தொடையை மடக்கும் பலம், முழங்காலை நீட்டும் பலம், முழங்கால் அனிச்சை எல்லாம் வலது இடது வித்தியாசமில்லாமல் இருந்தன. உணர்வு மட்டும் கெட்டு, பலம் கெடாமல் இருந்தால் அது உணர்வு மட்டுமே சுமக்கும் ஒரு நரம்பாக இருக்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் நரம்பு அப்படிப்பட்டது. எல்2, எல்3 வேர்களிலிருந்து கிளம்பி, இடுப்பு எலும்பின் முன் முனைக்குப் பக்கத்தில் கவட்டையில் இருக்கும் நாணுக்கு அடியில் நுழைந்து தொடைக்கு வரும். நுழையும் இடம் குறுகலானது. வயிற்றுச் சதை, கர்ப்பம், இறுக்கமான பெல்ட், நெடுநேரம் நிற்பது எல்லாமே அங்கே அழுத்தும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது வருவதற்கான வாய்ப்பும் கூடுதல். இந்த நிலைக்கு மெரால்ஜியா பாரெஸ்தெடிகா என்று பெயர். 1895-லேயே பெர்ன்ஹார்ட், ரோத் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் இதைத் தெளிவாக விவரித்துவிட்டார்கள்.

அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேலே இருந்த வலது இடுப்பு எலும்பைக் கீழ்நோக்கி 45 வினாடி அழுத்திப் பிடித்தோம். இப்படி அழுத்தும்போது அந்த நாண் தளரும், நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அழுத்தியிருந்தவரை தொடை எரிச்சல் நன்றாகக் குறைந்தது. பெல்ட்டின் கீழ் விளிம்பு தோலில் பதித்திருந்த சிவந்த தடம் அந்த நரம்பு நுழையும் இடத்தின் மேலேயே ஓடியது.

பாதங்களில் வேறு படம். இசைக்கவையின் அதிர்வு கால் விரல்களிலும் கணுக்காலிலும் தெரியவில்லை, முழங்காலில் மங்கலாகத் தெரிந்தது. கட்டை விரலை மேலே தூக்குகிறோமா கீழே இறக்குகிறோமா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அவரால் முடியவில்லை. கால்களைச் சேர்த்து நின்று கண்களை மூடியதும் ஆடினார். கணுக்கால் அனிச்சை இரு பக்கமும் இல்லை. அதிர்வும் நிலை உணர்வும் இந்த அளவுக்குக் கெட்டிருந்தது கவனத்தை இழுத்தது. அவருடைய ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எண்) பல ஆண்டுகளாக 6.9-க்கும் 7.4-க்கும் இடையில்தான் இருந்திருக்கிறது. விழித்திரை சரி, சிறுநீரில் புரதம் இல்லை. சர்க்கரை மட்டும் இவ்வளவு செய்திருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது.

யோசித்து ஒதுக்கியவை

நீண்டகால எரிச்சல் வலிக்குக் காரணங்கள் நிறைய. எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் தேவையில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரு முறையாவது மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ரத்தக் குழாய் அடைப்பில் வலி நடந்தால் வந்து நின்றால் போகும். முற்றினால் ஓய்விலும் வரும், காலைத் தொங்கப்போட்டால் தணியும். இவருக்கு நாடி நன்றாக இருந்தது. தண்டுவடக் குழாய் சுருக்கத்தில் முன்னால் குனிந்து நடந்தால் சுகம் கிடைக்கும். இவருக்குக் குனிவதால் எந்த மாற்றமும் இல்லை. எரித்ரோமெலால்ஜியாவில் பாதம் சிவந்து உண்மையிலேயே சுடும். இவருடையது சுடவில்லை. அக்கி வந்துபோன பிறகு நிற்கும் எரிச்சல் தொடையில் வரலாம், ஆனால் கொப்புளம் வந்த சரித்திரம் இல்லை. சர்க்கரை நோயிலேயே தொடையைத் தாக்கும் இன்னொரு வகை உண்டு. அதில் தொடைத் தசை கரைந்து பலமும் எடையும் குறையும். இவருக்கு எடை கூடியிருந்தது, பலம் குறையவில்லை. மது, புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்கான ஐசோனியாசிட் எதுவும் இல்லை. நரம்புகள் எங்கும் தடித்திருக்கவில்லை, தோலில் உணர்வற்ற திட்டுகள் இல்லை. எனவே தொழுநோய்க்கான அறிகுறியும் இல்லை.

சர்க்கரையை மிக வேகமாக இறக்கினாலும் கடுமையான எரிச்சல் வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஹெச்பிஏ1சி மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிகளுக்கு மேல் குறையும்போது இந்த ஆபத்து உண்டு. இவருக்கு அப்படி நடக்கவில்லை. ஆனால் "இன்சுலின் போட்டு சர்க்கரையை ஒரேயடியாகக் குறைத்துவிடுங்கள், எரிச்சல் நிற்கும்" என்று யாரோ சொன்ன ஆலோசனை ஃபைலில் இருந்தது. அதை நாங்கள் பின்பற்றாததற்குக் காரணம் இதுதான்.

கைவிரல்களும் பாதங்களும் சேர்ந்து மதமதத்து நடையும் தள்ளாடினால் கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. அதனால் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்தோம். அழுத்தம் இல்லை. தொடை நரம்பை வயிற்றுக்குள்ளேயே ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்பதற்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தோம். அதிலும் ஒன்றுமில்லை.

பரிசோதனை முடிவுகள்

ஹீமோகுளோபின் 12.4. ரத்தச் சிவப்பணுக்களின் அளவு மேல் எல்லைக்குள். தைராய்டு, சிறுநீரகம், புரத மின்பகுப்பு எல்லாம் சரி. பி12 அளவு மில்லிலிட்டருக்கு 248 பிகோகிராம். ஆய்வகம் கொடுத்திருந்த எல்லைக்குள் இருந்ததால் அதன் பக்கத்தில் குறியீடு எதுவும் இல்லை. சும்மா பார்த்தால் "நார்மல்" என்று புரட்டிவிடலாம்.

இந்த எண்ணை அப்படி விடமுடியாது என்பதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. 200-க்கும் 300-க்கும் இடைப்பட்ட அளவு சந்தேகப் பகுதி, அதில் குறைபாடு மறைந்திருக்கலாம். அவர் பி12 கலந்த மாத்திரைகளை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அது ரத்தத்தில் எண்ணை உயர்த்திக் காட்டும், திசுக்களின் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. அப்புறம், மெட்ஃபார்மின். அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. மருந்தின் அளவும் ஆண்டுகளும் கூடக் கூட இது கூடும். பான்டோபிரசோல் இன்னொரு பக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்கிறது: உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12-ஐப் பிரிக்க வயிற்று அமிலம் தேவை, அந்த அமிலத்தை அது குறைக்கிறது. கல்லீரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாக, சத்தமில்லாமல் வரும்.

எனவே பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் இரண்டு பொருட்களை, ஹோமோசிஸ்டீனும் மெத்தில்மலோனிக் அமிலமும், பார்த்தோம். ஹோமோசிஸ்டீன் 24 (15 வரை சரி). மெத்தில்மலோனிக் அமிலம் 0.9 (சுமார் 0.4 வரை சரி). சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இவை இரண்டும் ஏறும். இவருடைய சிறுநீரகம் நன்றாக இருந்ததால் உண்மையான பி12 குறைபாடு என்று எடுத்துக்கொண்டோம். ரத்தசோகை இல்லையே என்று கேட்கலாம். நரம்பு பாதிக்கப்பட்ட பலருக்கு ரத்தசோகை இருப்பதில்லை. அதிலும் அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் இருந்தது. அது ரத்தத்தைச் சரிசெய்துவிட்டு நரம்புச் சேதத்தை அப்படியே தொடரவிடும்.

அந்த மாத்திரைப் பட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி லேபிளைப் படித்தோம். இரண்டிலும் பி6 அதிக அளவில் இருந்தது. நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் பி6 தானே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும், எரிச்சலையும் தள்ளாட்டத்தையும் தரும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கான உச்ச வரம்பு நாளைக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தன் வரம்பை வெறும் 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. எரிச்சலுக்காக எடுத்த மாத்திரையே எரிச்சலுக்கு ஒரு காரணமாகலாம் என்பதை நோயாளிகளுக்குச் சொல்லும்போது அவர்கள் திகைக்கிறார்கள். இவரும் திகைத்தார். இவர் ரத்தத்தில் பி6 அளவு வரம்பைத் தாண்டியிருந்தது.

நரம்புக் கடத்தல் சோதனையில் கால்களின் உணர்வு நரம்புகள் பலவீனமாக இருந்தன. இந்தச் சோதனை தடித்த இழைகளை மட்டும்தான் அளக்கும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் இதில் முடிவு சரியாகவே வரலாம். அப்படி வந்தால் நோயாளி பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெல்ட்டை அன்றே நிறுத்தச் சொன்னோம். உடையின் இடுப்புக் கட்டையும் தளர்த்தச் சொன்னோம். இதில் ஆபத்து எதுவும் இல்லை, பதிலும் சில வாரங்களில் கிடைத்துவிடும். நோயை உறுதிப்படுத்த இடுப்பு எலும்பின் முன் முனைக்குப் பக்கத்தில், மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் ஊசி கொஞ்சம் போட்டோம். சில நிமிடங்களில் தொடை எரிச்சல் அடங்கியது. அறைக்குள் முன்னும் பின்னுமாக நடந்து பார்த்தார். சில மணி நேரம் கழித்து, மருந்தின் வேகம் போனதும், எரிச்சல் திரும்பியது. எதிர்பார்த்ததும் அதுதான். அறுவை சிகிச்சைப் பேச்சை அத்தோடு நிறுத்தினோம்.

பி12 ஊசியும் அன்றே தொடங்கியது. 1000 மைக்ரோகிராம், தசையில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று வாரம். பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்போது காத்திருப்பதில் பொருளில்லை. நாள் போகப்போகத் திரும்பக் கிடைப்பது குறையும். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி வந்தது. இரண்டு எரிச்சலின் எல்லைகளும் தனித்தனி. எனவே பலனையும் தனித்தனியாகப் படிக்க முடிந்தது.

பி வைட்டமின் மாத்திரைகள் இரண்டையும் நிறுத்தினோம். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. அதன் குறையை ஊசியால் ஈடுகட்டலாம், அதை நிறுத்தினால் சர்க்கரை கட்டுப்பாடு குலையும். பான்டோபிரசோல் தேவைப்பட்ட காரணம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் சட்டென்று நிறுத்தினால் அமிலம் திருப்பி ஏறும் என்பதால் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம்.

ப்ரீகாபலினை உடனே தொடவில்லை. அது எடையைக் கூட்டி, எடை தொடை நரம்பை அழுத்தி, அந்த வலிக்காக மறுபடி ப்ரீகாபலின் கூடிய ஒரு வட்டம் இங்கே ஓடியிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. இருந்தாலும் திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் வரும். ஆறாவது வாரத்திலிருந்து மெதுவாக இறக்கினோம்.

ஐஸ் தண்ணீரில் ஊறவைப்பதை நிறுத்துவதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. இரவில் கிடைத்த ஒரே நிம்மதி அது. வெறுமனே "கூடாது" என்று சொன்னால் வீட்டில் தொடர்வார் என்று தெரிந்தது. அதனால் பதிலுக்கு ஒன்று கொடுத்தோம்: ஈரமான மெல்லிய துணியைப் பத்து நிமிடம் பாதத்தில் போட்டுவிட்டு, விரல் இடுக்குவரை துடைத்து உலர்த்துவது. தினமும் கணவர் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும் என்று அவரிடம் தனியாகச் சொன்னோம். அவர் அதைத் தவறாமல் செய்தார்.

அதன் பிறகு

தொடை எரிச்சல் மூன்று வாரத்தில் பாதியாகக் குறைந்தது. மூன்றாவது மாதத்தில் எரிச்சல் இல்லை, உள்ளங்கை அளவுக்கு மதமதப்பான ஒரு திட்டு மட்டும் மிச்சம். ஸ்டீராய்டு ஊசி தேவைப்படவில்லை.

பாதங்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. ஊசி தொடங்கிய முதல் மாதம் சுருக் சுருக்கென்று குத்துவது கூடியது. சிலருக்கு ஆரம்பத்தில் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தோம். சொல்லாமல் விட்டிருந்தால் நிறுத்தியிருப்பார் என்று அவரே சொன்னார். மூன்றாவது மாதத்தில் கைவிரல் நுனிகள் தெளிந்தன. ஆறாவது மாதத்தில் முகம் கழுவ இரண்டு கைகளையும் பயன்படுத்தினார். இரவு எரிச்சல் 10-க்கு 8 என்று இருந்தது 4 ஆனது. அதற்குக் கீழே இறங்கவில்லை. கால் விரல்களில் அதிர்வு உணர்வு இன்னும் திரும்பவில்லை.

ஹோமோசிஸ்டீன் சரியான அளவுக்கு வந்தது. ப்ரீகாபலின் இரவில் 75 மில்லிகிராமில் நிற்கிறது. வீக்கம் போய்விட்டது, எடை 4 கிலோ குறைந்தது. வெடிப்பு ஆறிவிட்டது.

பிரித்துச் சொல்ல முடியாதவை

பாத எரிச்சலில் பி12 குறைபாட்டின் பங்கு எவ்வளவு, பி6-இன் பங்கு எவ்வளவு, சர்க்கரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எங்களிடம் வழியில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை ஒரே நாளில் நிறுத்தினோம், இரண்டுக்கும் பாதிப்பு ஒரே இடத்தில்தான். மிச்சமிருக்கும் எரிச்சல் பெரும்பாலும் சர்க்கரையுடையது என்று நினைக்கிறோம். ஆனால் தாமதமாகத் தொடங்கியதால் பி12 சேதத்தில் ஒரு பகுதி நிரந்தரமாகிவிட்டிருக்கவும் கூடும். எப்படியிருந்தாலும், சர்க்கரை நோய் என்ற விடை முழுத் தவறு அல்ல. அது சீக்கிரமே கிடைத்துவிட்ட பாதி விடை. அது கையில் இருந்ததால் மீதியை யாரும் தேடவில்லை.

நடைமுறையில் மாற்றியது

கால் எரிச்சலோடு வருபவர்கள் எல்லோருக்கும் உடல் வரைபடம் அச்சிட்ட தாள் ஒன்றும் பேனாவும் காத்திருக்கும் நேரத்திலேயே கொடுக்கிறோம். எங்கே, எப்போது, எது செய்தால் தணிகிறது என்பதை அவர்களே நிரப்புகிறார்கள். பழைய ஸ்கேனை அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் திறக்கிறோம். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்கேனை முதலில் பார்த்துவிட்டால் நோயாளி சொல்வதெல்லாம் அதற்கேற்ப வளைந்துவிடுகிறது.

மெட்ஃபார்மினை நீண்ட நாளாக எடுப்பவர்களுக்கு பி12 பார்ப்பது வருடாந்தரப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில், குறைபாடு வரும் ஆபத்து கூடுதலாக இருப்பவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்ப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. ரத்தசோகையோ நரம்புத் தொந்தரவோ வந்து குறைபாட்டுச் சந்தேகம் இருப்பவர்களுக்குப் பார்க்கச் சொன்னது. வைட்டமின் மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடுகிறோம். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைப் பட்டைகளையும், டாக்டர் எழுதாதவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம்.

எந்தச் சீட்டிலும் எழுதாமல் வாயால் சொல்லியனுப்புவதும் ஒன்று உண்டு. சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடு போனாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்தாலோ, கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ, ஒரு கால் மட்டும் வெளுத்துச் சில்லிட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடானாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்கக்கூடாது, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த ஆசிரியைக்கும் அதைத்தான் சொல்லியனுப்பினோம். மெட்ஃபார்மின் தொடரும்வரை அவருக்கு மாதாந்தர ஊசியும் தொடரும்.